பிள்ளைய ட்ரெய்னிங்குக்கு அனுப்பிட்டு வீட்ல இருக்கிறவங்க என்ன பண்றது?

மார்ச் 3

கேள்வி: பையன் ராணுவப் பயிற்சிக்குப் போயிட்டான். போய்ச் சேந்துட்டேன்னு ஒரு போன் வந்துச்சு, அரை நிமிஷம் கூட இருக்காது. அதுக்கப்புறம் சத்தமே இல்ல. என் மனைவி சரியா சாப்பிடறதில்ல, தூங்கறதில்ல. பிள்ளைய அனுப்பின அனுபவம் உள்ளவங்க யாராவது சொல்லுங்க, அவளை எப்படித் தேத்துறது?

மார்ச் 3, ராத்திரி

அண்ணே, வீட்டம்மாவுக்காகத்தான் கேக்குறீங்க, சரி, நம்புறேன். ஆனா விடியக்காலை ரெண்டு மணிக்கு இதை டைப் பண்ணது நீங்கதானே.

ரெண்டு பிள்ளைங்களை அனுப்பினவ நான். பெரியவன் போய் சில வருஷம் ஆச்சு, சின்னவ இப்ப உள்ள இருக்கா. எந்த நாடு, எந்த சென்டர், எந்த பேட்ச்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன், நீங்களும் எழுதாதீங்க, ஏன்னு அப்புறம் சொல்றேன்.

அந்த அரை நிமிஷ போன் பத்தி மட்டும் இப்ப. குரல் மரக்கட்டை மாதிரி இருந்துச்சா, பின்னாடி யாரோ கத்திக்கிட்டே இருந்தாங்களா, நீங்க "சாப்பிட்டியாப்பா"ன்னு கேட்டதுக்கு பதிலே வரலியா? அப்ப எல்லாம் சரியாத்தான் நடந்திருக்கு. அமெரிக்க மரைன் படையில புதுசா வந்தவங்க வீட்டுக்கு என்ன சொல்லணும்னு எழுதியே வெச்சிருக்காங்க, வந்து சேந்துட்டேன், சாப்பாடு எதுவும் அனுப்பாதீங்க, விலாசத்தைக் கடிதத்துல எழுதுறேன், அவ்வளவுதான், அதைப் பாத்து வாசிச்சிட்டு போனை வெச்சிரணும். அம்மா எதிர்ப்பக்கம் என்ன பேசினாலும் வரிக்கு வெளிய ஒரு வார்த்தை கிடையாது. நாம அந்தக் குரலை வெச்சுக்கிட்டு ராத்திரி பூரா ஆராய்ச்சி பண்றோம், அவன் எழுதிக் குடுத்ததை ஒப்பிச்சிருக்கான்.

மார்ச் 4

நேத்து கண்ணு சொக்கிருச்சு, விட்ட இடத்துல இருந்து.

சத்தமே இல்லைன்னீங்கல்ல, அது அவங்க வேணும்னே பண்றது. தன் இஷ்டத்துக்கு எழுந்து தன் இஷ்டத்துக்குப் படுத்துப் பழகின பிள்ளைய, நில்லுன்னா நிக்கிற, பக்கத்துல நிக்கிறவன் பண்ண தப்புக்கு தானும் சேந்து தண்டால் எடுக்குற ஆளா மாத்தணும்னா ராத்திரி அம்மாகிட்ட பேசி அழுதுட்டுப் படுக்குற வசதி இருக்கக் கூடாது, இதுதான் அவங்க கணக்கு. நல்ல கணக்கா கெட்ட கணக்கான்னு தனியா சண்டை போடலாம், எனக்கே அதுல முழுசா ஒப்புதல் இல்ல. ஆனா அந்தக் கணக்குல வீட்ல இருக்கிறவங்க ஒரு ஓரத்துல கூட வர்றதில்ல. அவனுக்கு விழிச்சதுல இருந்து படுக்குற வரைக்கும் நேரம் போட்டுக் குடுத்திருக்காங்க, யோசிக்க இடமில்ல, கூட அதே கஷ்டத்துல ஒரு கூட்டமே இருக்கு. நமக்கு நேரமும் போட்டுக் குடுக்கலை, கூட்டமும் இல்ல, கையில போன் மட்டும் இருக்கு. அதனால முதல் மாசம் நிஜமாவே மோசமா இருக்கிறது பெரும்பாலும் நாமதான், அவங்க இல்ல.

தகவல் வரலைங்கறதைக் கெட்ட தகவலா மாத்திப் படிக்காதீங்க. ஏதாவது ஆச்சுன்னா அவங்களே கூப்பிடுவாங்க, அதுக்குத்தான் ஃபார்ம்ல உங்க நம்பரை வாங்கி வெச்சிருக்காங்க.

மார்ச் 4, அதே நாள்

போன்னு சொன்னதும் ஞாபகம் வந்துச்சு. சின்னவ தன் போனை வீட்லயே வெச்சிட்டுப் போயிட்டா. சார்ஜ் போட்டு வெச்சிருக்கோம், ஏன்னு கேட்டா எங்களுக்கே தெரியாது. அதுல செலக்‌ஷனுக்கு முன்னாடி ஓடிப் பழக அலாரம் வெச்சிருந்தா போல, தினமும் விடியறதுக்கு முன்னாடி "எழுந்திரு சோம்பேறி"ன்னு திரையில எழுத்து வந்து அலறும். பாஸ்வேர்டு தெரியாது, தற்காலிகமா வாயை மூடலாமே தவிர நிறுத்த முடியாது. ஆஃப் பண்ணிரலாம்னு நான் சொன்னேன், அவர் விடலை. இப்ப அந்த அலாரத்துக்கு எழுந்து வாக்கிங் போறார் மனுஷன். டாக்டர் சொல்லிக் கேக்காத ஆள்.

மார்ச் 6

சுவிட்சர்லாந்துல இருக்கிற ஒருத்தர் நான் எழுதினதைப் பாத்துட்டு, எங்க பசங்களுக்கு அப்படி இல்லையேன்னு சொல்றார். சரிதான், எல்லா ஊர்லயும் ஒரே மாதிரி அறுத்து விடறதில்ல. அங்க புதுசா சேர்றவங்களுக்கு 18 வாரம், ஆனா பெரும்பாலும் சனி ஞாயிறு சீருடையோட ரயிலேறி வீட்டுக்கு வந்துருவாங்க. சிங்கப்பூர்ல அடிப்படைப் பயிற்சி வழக்கமா 9 வாரம், முதல் நாள் அப்பா அம்மாவும் கூடவே படகுல தேக்கோங் தீவுக்குப் போய் படுக்கை, சாப்பாட்டுக் கூடம் எல்லாம் பாத்துட்டு வரலாம், அப்புறம் ரெண்டு வாரம் போல வெளிய விட மாட்டாங்க. தென் கொரியாவுல 2020 ஜூலைல இருந்து சிப்பாய்ங்களுக்கு வேலை நேரம் முடிஞ்சதும் போன் கையில குடுக்குறாங்க. அந்தப் பக்கம் பாத்தா மரைன் பசங்க 13 வாரம், கிட்டத்தட்ட முழுக்கக் கடிதம்தான்.

ஆனா அந்த சுவிஸ்காரரே இன்னொண்ணும் சொன்னார். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஸ்டேஷன்ல விட்டுட்டு வர்றது வாராவாரம் நடக்குதாம், ஒவ்வொரு வாரமும் முதல் நாள் மாதிரியே இருக்காம். கேக்கும்போது எங்களுக்கு ஒரே தடவைல முடிஞ்சது பரவாயில்லைன்னு தோணிச்சு. இதுல எது லேசுன்னு வெளில இருந்து சொல்ல முடியாது போல.

மார்ச் 9

கடிதத்துல என்ன எழுதுறதுன்னு கேட்டிருந்தீங்க. இதுல எனக்குக் கொஞ்சம் பிடிவாதமான அபிப்ராயம் உண்டு.

சலிப்பா எழுதுங்க. நிஜமாத்தான் சொல்றேன். "நீ இல்லாம வீடே வெறிச்சோடிக் கிடக்கு, அம்மா அழுதுக்கிட்டே இருக்கா"ன்னு எழுதினா அதைப் படிச்சிட்டு அவன் என்ன பண்ணுவான்? கிளம்பி வர முடியாது, போன் பண்ண முடியாது, அடுத்த நாள் விடியக்காலை மூட்டையைத் தூக்கிட்டு ஓடும்போதும் அந்த வரிதான் மண்டைக்குள்ள ஓடும். "நாட்டுக்காகத் தியாகம் பண்ற என் சிங்கமே"ன்னு எழுதறதும் அதே அளவு கெடுதல், ஏன்னா அன்னைக்குத்தான் கயிறு ஏற முடியாம எல்லார் முன்னாடியும் திட்டு வாங்கியிருப்பான். குழாய் ஒழுகுச்சு, பிளம்பர் வரேன்னு சொல்லிட்டு வரலை, எதிர் வீட்டு நாய் குட்டி போட்டிருக்கு, உங்கப்பா மறுபடியும் கண்ணாடியைத் தொலைச்சிட்டார், தலையிலதான் இருந்துச்சு. இதுதான் வேணும் அவனுக்கு. நான் வந்த இடம் அப்படியே ஓடிக்கிட்டு இருக்குன்னு தெரியணும். பெரியவன் பின்னாடி சொன்னான், அந்த பிளம்பர் கதையை அவனோட பாரக்ல இருந்த எல்லாரும் வாராவாரம் கேப்பாங்களாம், வந்தாரா இல்லையான்னு. அந்த ஆள் கடைசி வரைக்கும் வரலை, எங்க வீட்டுக்காரரே டேப் சுத்தி ஒப்பேத்தினார்.

சிவப்புக் கலர் கவர், ஸ்டிக்கர், வாசனைத் தாள் எல்லாம் வேண்டாம். உங்க பாசம் எல்லார் கண்ணுலயும் பட்டா அதுக்கும் சேத்து அவன்தான் தண்டால் எடுக்கணும்.

அவங்க எழுதற கடிதம் எப்படி இருக்கும்னா, எங்களுக்கு வந்த முதல் கடிதம் கோடு போட்ட நோட்டுல இருந்து கிழிச்ச தாள், கையெழுத்து போகப் போகச் சரிஞ்சு, நடுவுல ஒரு சொல்லோட பாதியில நின்னு போச்சு. விளக்கை அணைச்சிட்டாங்க போல. அடுத்த நாள் வேற பேனாவுல, அந்தச் சொல்லை முடிக்காமலே, "கறுப்பு சாக்ஸ், காலுக்குப் போடற பவுடர், ஸ்டாம்ப்"னு ஆரம்பிக்குது. எப்படி இருக்கீங்கன்னு ஒரு வரி இல்ல. எனக்குக் கோவம் வந்துச்சு, அவர் என்னடான்னா அந்தப் பாதிச் சொல் என்னவா இருக்கும்னு ஒரு வாரம் யோசிச்சார்.

மார்ச் 10

விலாசம் எழுதி ஸ்டாம்ப் ஒட்டின கவர்களை உங்க கடிதத்துக்குள்ளயே மடிச்சு வைங்க. எழுத மனசிருந்தாலும் விலாசம் எழுத சோம்பல் படுற வயசு.

மார்ச் 15

இப்ப அந்தப் பெற்றோர் வாட்ஸ்அப் குரூப் விஷயம். உங்களையும் சேத்துட்டாங்கன்னு எழுதியிருந்தீங்க. என்னைக் கேட்டா ம்யூட்ல போட்டுட்டு வாரத்துக்கு ஒரு தடவை பாருங்க.

ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல்னா ராத்திரிக்குள்ள அது "கேம்ப்ல ஏதோ பரவுதாம்"னு ஆயிரும். ஒருத்தர் பையனுக்கு ஞாயித்துக்கிழமை போன் குடுத்தாங்கன்னா மத்த அம்பது பேரும் என் பிள்ளைக்கு ஏன் குடுக்கலைன்னு புழுங்குவாங்க, அவன் க்யூவுல கடைசியா நின்னிருப்பான், இல்ல தூங்கியிருப்பான். மௌனத்தையாவது தாங்கிக்கலாம், பாதித் தகவலைத் தாங்கவே முடியாது.

அப்புறம் நான் சொல்றேன்னு சொன்ன விஷயம். பிள்ளை பேர், சென்டர் பேர், பேட்ச், அணிவகுப்பு தேதி, சீருடைப் படம், இது எல்லாத்தையும் ஒருத்தர் ஒண்ணு ஒண்ணா பெருமையாப் போட்டா சேத்துப் பாக்குறவனுக்கு முழுப் படம் கிடைச்சிரும். படை ரகசியம்லாம் பெரிய வார்த்தை, அதைவிடச் சின்ன ஆபத்து ஒண்ணு உண்டு, "உங்க பையனுக்கு அடிபட்டிருச்சு, நான் அவன் ஆபீசர் பேசுறேன், உடனே பணம் அனுப்புங்க"ன்னு ஒரு போன். பேர், பேட்ச் எல்லாம் சரியாச் சொல்லுவான், ஏன்னா நாமதான் எழுதி வெச்சிருக்கோம். எந்தப் படையும் சிகிச்சைக்குப் பெற்றோர்கிட்ட போன்ல பணம் கேக்காது. வெச்சிட்டு, சேர்றப்ப குடுத்த பேப்பர்ல இருக்கிற நம்பருக்கு நீங்களே கூப்பிடுங்க.

நம்ம பக்கம் இருந்து அவசரம்னா, குடும்பத்துல ஒரு சாவு, ஆபரேஷன்னு ஏதாவது ஆச்சுன்னா, அதுக்கும் அந்த நம்பர்தான். அமெரிக்காவுல செஞ்சிலுவைச் சங்கமே விஷயத்தை சரிபாத்து யூனிட்டுக்குச் சொல்லுது. பிள்ளை போன அன்னைக்கே அந்த நம்பரை ஃப்ரிட்ஜ்ல ஒட்டுங்க. ஆஸ்பத்திரி வாசல்ல நின்னுக்கிட்டு தேடக் கூடாது.

மார்ச் 16

நேத்து குரூப்பைத் திட்டினதுக்கு ஒரு அம்மா கோவப்பட்டாங்க. புருஷன் வெளியூர்ல, ஒத்தப் பிள்ளை, அந்த குரூப் இல்லைன்னா பேச ஆளே கிடையாதுன்னாங்க. அவங்களுக்கு அது சரி. எங்க வீட்ல ரெண்டு பேர் ஒருத்தரை ஒருத்தர் பாத்து முறைச்சுக்கவாவது இருந்தோம். அப்படி தனியா இருக்கிறவங்க குரூப்ல இருந்து ஒரே ஒரு ஆளைப் பிடிச்சு நேர்ல பாத்துப் பேசுங்க, மிச்சத்தை விட்ருங்க. எனக்கும் பெரியவன் பேட்ச்ல கிடைச்ச ஒரு அக்கா இன்னைக்கும் பேசுவாங்க, பிள்ளைங்க ரெண்டு பேருக்கும் ஒருத்தனை ஒருத்தன் ஆகாது, அது வேற விஷயம்.

மார்ச் 22

பொண்ணை அனுப்பினதுக்கு சொந்தக்காரங்க என்ன சொன்னாங்கன்னு ஒருத்தர் கேட்டார். என்ன சொல்லலைன்னு கேளுங்க.

பையன் போறப்ப "ரத்தத்துலயே வீரம்"னாங்க, பொண்ணு போறப்ப "ஏன், வீட்ல ஏதாவது பிரச்சினையா?"ன்னாங்க. ஒரு சித்தப்பா மட்டும் நம்ம பக்கம், முறத்தால புலியை விரட்டின பரம்பரை நம்முதுன்னு ஆரம்பிச்சு ஒரு மணி நேரம் பேசினார். அவர் பையன் ஹாஸ்டல்ல ஒரு வாரம் தாக்குப் பிடிக்காம ஓடி வந்தவன், நான் வாயைத் திறக்கலை.

காலம் எங்கயோ போயிருச்சு. நார்வேல 2015-ல இருந்து கட்டாய சேவை ஆண் பெண் ரெண்டு பேருக்கும் பொது. இந்தியாவுல தேசியப் பாதுகாப்பு அகாடமிக்கு 2022-ல முதல் தடவையாப் பொண்ணுங்க போனாங்க, மூணு வருஷம் முடிச்சு 2025 மே மாசம் 17 பேர் வெளிய வந்தாங்க. அந்தப் பதினேழு வீட்லயும் இதே கேள்வியை எத்தனை பேர் கேட்டிருப்பாங்கன்னு நினைச்சுப் பாக்குறேன்.

உண்மையைச் சொன்னா பொண்ணு போனப்ப எனக்கு பயம் அதிகமா இல்ல, வேற மாதிரி இருந்துச்சு. பையனுக்கு அடிபடுமோன்னு பயந்தேன். இவளுக்கு, பிடிக்கலைன்னாலும் திரும்பி வர மாட்டாளே, எல்லாரும் சொன்ன மாதிரி ஆயிரும்னு பல்லைக் கடிச்சுட்டு இருந்துருவாளேன்னு பயந்தேன். அதனால கிளம்பறதுக்கு முன்னாடி ஒண்ணு சொன்னேன், வேண்டாம்னு தோணினா வா, சித்தப்பாவை நான் பாத்துக்கறேன்.

ஏப்ரல் 2

பதினேழு வயசுப் பையன், பெற்றோர் கையெழுத்து கேக்குறாங்க, போடலாமான்னு புதுசா ஒருத்தர் வந்திருக்கார்.

போடுங்க, போடாதீங்கன்னு நான் சொல்ல முடியாது. பதினெட்டுக்குக் கீழ இருந்தா பெற்றோர் தெரிஞ்சு சம்மதிக்கணும்ங்கறது 2000-ல ஐ.நா. கொண்டு வந்த உடன்படிக்கையிலயே இருக்கு, பிரிட்டன்ல 16 வயசுலயே சேரலாம், அமெரிக்காவுல 17, ரெண்டு இடத்துலயும் வீட்டு சம்மதம் வேணும். அதனால அந்தக் கையெழுத்து வெறும் சடங்கு இல்ல. எத்தனை வருஷம் கட்டு, இடையில வெளிய வர வழி என்ன, அடிபட்டு அனுப்பிட்டா என்ன கிடைக்கும், படிப்பு தொடர முடியுமான்னு எழுத்துல வாங்கிப் படிங்க, சேத்து விடுறவர் வாயால சொன்னதை நம்பாதீங்க. ஆனா ஒண்ணு, கையெழுத்தைத் துருப்புச் சீட்டா வெச்சு மிரட்டாதீங்க. பதினெட்டு ஆன மறுநாள் உங்களைக் கேக்காமலே போயிருவான், அப்ப கடிதமும் வராது.

ஏப்ரல் 11

கேள்வி கேட்ட அண்ணனுக்கு. வீட்டம்மா ரூமை சுத்தம் பண்ணப் போனாங்க, நீங்க கத்திட்டீங்கன்னு எழுதியிருக்கீங்க. நடக்கும். ரெண்டு பேருக்கும் ஒரே வருத்தம், வேற வேற வேகம். ஒருத்தருக்கு கை ஓடிக்கிட்டே இருக்கணும், இன்னொருத்தருக்கு எதையும் அசைக்கக் கூடாது. அமெரிக்க கடற்படையில போட்டுட்டுப் போன துணியையே அட்டைப்பெட்டியில போட்டு வீட்டுக்கு அனுப்புற வழக்கம் உண்டு, அந்தப் பெட்டியைப் பிரிக்கறதா வேண்டாமான்னு அங்கயும் சண்டை நடக்குமாம்.

யாரோ பாலின் பாஸ்னு ஒரு ஆராய்ச்சியாளர் எழுதினதைச் சொன்னாங்க, ஆள் இருக்காரா இல்லையான்னே தெரியாத துக்கம் பத்தி. வியட்நாம் போர்ல காணாமப் போன விமானிகளோட குடும்பங்களை 1970-கள்ல பாத்து வந்தது அந்த சிந்தனை. நம்ம நிலைமைக்கு அதை எடுத்துப் போட்டுக்க எனக்கு மனசு வரலை. நம்ம பிள்ளைக்கு ஒரு விலாசம் இருக்கு, படுக்கை நம்பர் இருக்கு, லீவு தேதி இருக்கு. இது துக்கம் இல்ல, அண்ணே. துக்கத்தோட எல்லா அறிகுறியும் இருக்கு, அது எனக்கும் தெரியும்.

ஏப்ரல் 20

சின்னவ கடிதம். கடைசி வரிக்கு முன்னாடி வரி, "முழங்காலுக்குக் கீழ கொஞ்சம் வலி, ஒண்ணும் இல்ல". அந்த "ஒண்ணும் இல்ல" எனக்குத் தெரியும், பெரியவனும் அதையே எழுதினான், அப்புறம்தான் எலும்புல விரிசல்னு கண்டுபிடிச்சாங்க.

இது எல்லாப் பெற்றோருக்கும் தெரியணும். திடீர்னு தினம் பூட்ஸ் போட்டு சுமையோட நடந்து ஓடினா தசை சீக்கிரம் பழகிரும், எலும்பு பழக நாளாகும், அந்த இடைவெளில முடி மாதிரி விரிசல் விழும். புதுசில்ல, 1855-லயே பிரைட்ஹாப்ட்ங்கற பிரஷ்ய ராணுவ டாக்டர் சிப்பாய்ங்க பாதத்துல இதைப் பாத்து எழுதியிருக்கார். பொண்ணுங்களுக்கு இன்னும் அதிகமா வருது. ஆரம்பத்துல எக்ஸ்ரேயில தெரியாமப் போகலாம், எம்.ஆர்.ஐ.யில தெரியும். ஒரே இடத்துல விரல் வெச்சு அழுத்தினா சுள்ளுனு வலிச்சா, ஓடறப்ப கூடிட்டே போனா, மறைக்கக் கூடாது. மறைச்சா விரிசல் முறிவாயிரும். ஆனா உடம்பு முடியலைன்னு சிக் ரிப்போர்ட் பண்ணினா ஏமாத்துறான்னு சொல்லுவாங்கன்னு இவங்களுக்கு பயம். கூடவே பேட்ச்ல இருந்து பின்னாடி தள்ளிருவாங்கங்கற பயம்.

பதில் கடிதத்துல முதல் தடவையா சலிப்பா எழுதலை. நாளைக்கே போய்க் காட்டு, பின்னாடி தள்ளினா தள்ளட்டும், உன் கால் உனக்கு அறுபது வயசு வரைக்கும் வேணும்னு எழுதினேன். கீழ பழக்க தோஷத்துல எதிர் வீட்டு நாய்க்குட்டி பத்தி ரெண்டு வரி.

மே 1

காட்டிட்டாளாம். வெறும் தசை வீக்கம், சில நாள் ஓட்டம் இல்ல. என்னைத் திட்டி எழுதியிருக்கா.

மே 5

முதல் லீவுல வர்ற பிள்ளைய எப்படி நடத்தறதுன்னு கேள்வி. சொந்தக்காரங்களை வரிசையா வரச் சொல்லாதீங்க. முதல் ரெண்டு நாள் தூங்கட்டும்.

பெரியவன் வந்தப்ப ஒண்ணு பாத்தேன். குளிச்சிட்டு வந்து பீரோ முன்னாடி நின்னான், நின்னுக்கிட்டே இருந்தான். என்னடான்னு கேட்டா, "எதைப் போடறதும்மா?"ன்னான். மாசக்கணக்குல யாரோ சொன்னதைப் போட்டுப் பழகினவனுக்கு ஏழெட்டு சட்டையில ஒண்ணை எடுக்க முடியலை. நான் எடுத்துக் குடுக்கப் போனேன், அவர் கண்ணால வேண்டாம்னார். கடைசியில அவனே ஒரு பழைய டி-ஷர்ட்டை எடுத்தான், தோள்ல இறுக்கமா இருந்துச்சு, அப்படியே போட்டுக்கிட்டான். அப்புறம் ராத்திரி பக்கத்துல உக்காந்து பேசினான், எங்ககிட்ட இல்ல, போன்ல, அங்க இருக்கிற பசங்ககிட்ட. லீவுக்கு வந்தும் அங்க இருக்கிறவனுங்களைத்தான் தேடுறான். வலிச்சுதான்னு கேட்டா வலிச்சுது. ஆனா அவனைப் பாத்துக்க அங்க ஆள் இருக்குன்னும் அன்னைக்குத்தான் புரிஞ்சுது, ரெண்டும் ஒரே நேரத்துல.

மே 19

அண்ணே, உங்க பையனைப் பின் பேட்சுக்கு மாத்திட்டாங்கன்னு பாத்தேன். நீச்சல்தானே, அது ஒரு பெரிய விஷயமே இல்ல, நிறைய பேருக்கு நடக்குது, எங்க பெரியவனுக்கும் கால்னால நடந்துச்சு, இன்னைக்கு அவன்கிட்ட யாரும் நீ எந்த பேட்ச்ல முடிச்சேன்னு கேக்கறதில்ல. அவனுக்கு இப்ப கஷ்டம் என்னன்னா கூட இருந்த கூட்டம் முன்னாடி போயிரும், புது ஆளுங்க நடுவுல மறுபடியும் முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். போன் வந்தா ஏன் எப்படின்னு விசாரணை வைக்காதீங்க, புது பேட்ச்ல யார் பக்கத்துப் படுக்கைன்னு கேளுங்க.

சொந்தக்காரங்களுக்கு அணிவகுப்பு தள்ளிப் போயிருச்சுன்னு மட்டும் சொல்லுங்க, அது பொய் இல்ல. நம்ம ஊர் அதிகாரிப் பயிற்சின்னா அப்பா அம்மாவே தோள்ல நட்சத்திரம் குத்தி விடுவாங்கன்னு எதிர்பாத்து வீட்டம்மா புதுத்துணி எல்லாம் எடுத்தாச்சுன்னீங்க, துணி கெட்டுப் போகாது.

டிக்கெட்டை மட்டும் இன்னைக்கே கேன்சல் பண்ணுங்க, புது தேதிக்கு எடுக்கறப்ப பணம் திரும்பக் கிடைக்கிற டிக்கெட்டா எடுங்க. தேதி இன்னொரு தடவையும் மாறும், எங்களுக்கு மாறுச்சு. தங்கற இடத்தையும் அப்படியே. மைதானத்துல நிழல் இருக்காது, தொப்பி எடுத்துக்கோங்க, கலைஞ்சு போகச் சொல்றதுக்கு முன்னாடி வரிசைக்குள்ள ஓடிப் போய்க் கட்டிப்பிடிக்காதீங்க. உங்களைத்தான் சொல்றேன், வீட்டம்மாவை இல்ல.